ஏழு கடலுக்கும் ஒரு பாலிசி

கடலையே கால் பிடித்துவிடச் சொல்லும் தைரியசாலியும், என் ஒரே தங்கையின் ஒரே மகளும், பாய்மர உல்லாசப் படகு வாடகைத் தொழிலின் நிறுவனர், தலைவர், கேப்டன், கணக்கர், தளம் துடைப்பவர் ஆகிய ஐந்து பதவிகளையும் ஒரே தலையில் சுமப்பவளுமான அன்பு மருமகளுக்கு, உன் தாய்மாமன் இரண்டு கைகளாலும் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உன் அத்தையும் சௌக்கியம். என் இடது முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போகப் பார்க்கிறது. உன் அம்மா சௌக்கியம். உன் அப்பா எப்போதும் போல ஒரு மில்லிமீட்டர் கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல் இருக்கிறார். கடல் பாதுகாப்புப் பயிற்சி என்று சொல்லி உன்னைத் தினமும் தண்ணீரில் தள்ளிவிட்டு, கைப்பேசியைப் பிடுங்கி இரும்பு அலமாரியில் பூட்டிவைக்கும் அந்த மகானுபாவர்களும் சௌக்கியமாக இருக்கட்டும். அவர்கள் புண்ணியத்தில்தான், இருபது ஆண்டுகளாகத் துரு ஏறிக் கிடந்த என் கடிதக் கலைக்கு மறுபடி உயிர் வந்திருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். கிளம்பும்போது நீ என் கையில் ஒரு பழுப்பு உறையைத் திணித்துவிட்டுப் போனாய். மூன்று இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் பட்டியல்கள், படகின் விவரங்கள் எழுதிய ஒரு தாள், உன் சார்பில் நான் கையெழுத்துப் போடலாம் என்ற அதிகாரக் கடிதம், கடைசியாக ஒரு துண்டுச் சீட்டு. "மாமா, மூன்றில் நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஃபாரத்தை நிரப்பிக் கொடுங்கள். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் சான்றிதழ் துறைமுக அலுவலகத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்தப் பருவம் முழுக்க வாடகைப் பயணிகளை ஏற்ற முடியாது. எதையும் அழகுபடுத்த வேண்டாம்." அந்தக் கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடுகள். மருமகளே, அந்த இரண்டு கோடுகளும் என் நெஞ்சில் இரண்டு ஈட்டிகளாகப் பாய்ந்தன. ஆனாலும் நிலைமை எனக்குப் புரிந்தது. நல்ல வேலையை விட்டுவிட்டு, சேமிப்பையெல்லாம் துடைத்து, அந்தப் பழைய படகை வாங்கியிருக்கிறாய். ஒரு பருவம் கைவிட்டுப் போனால் படகும் கைவிட்டுப் போகும். அதற்கும் மேலே, நீ வேலையை விட்ட நாளிலிருந்து படகு என்ற சொல்லையே வாயில் எடுக்காத உன் அப்பா, அன்றைக்கு வாயைத் திறந்து, "சொன்னேனே" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்வார். அந்த ஒரு வார்த்தை எத்தனை டன் என்று உனக்கும் எனக்கும் தெரியும்.

காப்பீட்டுத் துறையில் எனக்கு முப்பது ஆண்டு அனுபவம் உண்டு என்று நான் பல சபைகளில் முழங்கியதை நம்பித்தான் நீ இதை என்னிடம் கொடுத்திருக்கிறாய். அது பொய்யல்ல. முப்பது ஆண்டுகள் எல்லா இன்ஷூரன்ஸ் அலுவலகங்களிலும் ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் செய்தவன் நான். அவர்கள் எழுதிய பாலிசிகளை அவர்களே படித்ததில்லை. மெஷினுக்குள் மாட்டிக்கொண்ட தாளைக் கிழியாமல் உருவி, சூடு ஆறும்வரை ஊதி ஊதிப் படித்தவன் இந்த உலகத்தில் நான் ஒருவன்தான்.

முதல் கம்பெனியின் ஏஜென்ட் வீட்டுக்கே வந்தார். குச்சிக்குப் பயில்வான் சட்டை மாட்டியது போல ஒரு மனிதர். பிரீமியம் கொள்ளை மலிவு. எனக்குச் சந்தேகம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. சந்தேகம் உன் அத்தைக்கு வந்தது.

"படகு கட்டிக் கிடக்கும்போது ஏதாவது ஆனா பணம் வருமா?" என்று கேட்டாள்.

"முழுசா வரும்மா."

"ஓடும்போது?"

"ஓடும்போது கொஞ்சம் பாத்து ஓட்டணும்மா."

"காசு குடுத்த ஆளுங்க ஏறி இருக்கும்போது?"

அந்த மனிதர் தண்ணீர் கேட்டார். அது சொந்தக்காரர்கள் குடும்பத்தோடு உலாப் போகும் படகுக்கான பாலிசியாம். காசு கொடுத்த பயணி ஒரு காலைப் படகில் வைத்தால், மறு பக்கம் பாலிசி கடலில் குதித்துவிடும். "அப்ப வர்றவங்க எல்லாரும் சொந்தக்காரங்கன்னு எழுதிட்டா?" என்று நான் ஒரு மேதாவித்தனமான யோசனை சொன்னேன். உன் அத்தை என்னைப் பார்த்த பார்வையில் ஏஜென்ட் எழுந்து போய்விட்டார். தண்ணீரைக் குடிக்கவில்லை.

இரண்டாவது கம்பெனி ஒன்பதாம் மாடி. கண்ணாடிச் சுவர், உட்கார்ந்தால் எழ முடியாத சோபா, டை கட்டிய அதிகாரி. அவர் பாலிசியை மேசையில் வைத்தபோது மேசை முனகியது. சத்தியமாக முனகியது. கடற்கொள்ளையர் வந்தால் கொடுப்பார்களாம். போர் மூண்டால் கொடுப்பார்களாம். திமிங்கலம் முட்டினால் கூடப் பரிசீலிப்பார்களாம். நான் அப்படியே புல்லரித்துப் போய், "பாறையில தட்டினா?" என்று கேட்டேன். "அது கேப்டன் பொறுப்பு சார்" என்றார். "பக்கத்துப் படகுல உரசினா?" "நஷ்டத்துல முதல் பங்கு நீங்க ஏத்துக்கணும் சார்." "எவ்வளவு?" அவர் சொன்ன தொகைக்குப் பக்கத்துப் படகையே வாங்கிக்கொண்டு, உரசினால் நம் படகில்தானே உரசினோம் என்று இருந்துவிடலாம். ஆக, நடக்காத விபத்துக்கெல்லாம் வாரி வழங்குகிறார்கள், நடக்கிற விபத்துக்குக் கையை விரிக்கிறார்கள். அதோடு, கேப்டனுக்குப் பத்து ஆண்டு உரிமம் இருக்க வேண்டுமாம். உனக்கு நாலுதான். "என் மருமக எட்டு வயசுலயே பக்கெட்ல நின்னு வீடு முழுக்கத் துடுப்புப் போட்டவ சார்" என்றேன். "அதுக்குச் சான்று இருக்கா?" என்று கேட்டார். உடைந்த பக்கெட்டை உன் அம்மா தூக்கிப் போட்டுவிட்டதை நினைத்து மனம் கசந்து வெளியே வந்தேன்.

மூன்றாவதுதான் நமக்கென்று பிறந்தது. தரைத்தளத்தில் சின்ன அலுவலகம், இரண்டு மேசை, தடித்த கண்ணாடி போட்ட ஒரு அம்மா. அந்தக் கம்பெனியின் தரகர். கையில் பென்சில், பென்சில் நுனியில் உலகத்தின் மீதான அவநம்பிக்கை. படகின் உடம்பு, கட்டணப் பயணிகள், தளத்தில் வேலை செய்யும் உதவியாள், நாம் இடித்துவிடும் அடுத்தவர் படகு எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு உண்டு. படகு மூழ்கினால் அன்றைக்கு என்ன விலை போகும் என்று பேரம் பேசமாட்டார்கள். இன்றைக்கே பேசி எழுதிய மதிப்பைக் கொடுப்பார்கள். கரையிலிருந்து பன்னிரண்டு கடல் மைலுக்குள், பகல் வெளிச்சத்தில். நீ செய்யப்போவதும் அதுதானே? பிரீமியம் மலிவுமில்லை, கொள்ளையுமில்லை. "இதுதான்!" என்று மேசையைத் தட்டினேன். அந்த அம்மா பென்சிலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "அறுபத்து நாலு கேள்வி இருக்கு சார். உள்ளதை உள்ளபடி எழுதணும்" என்றார்.

மருமகளே, இந்த இடத்தில் உன் மாமன் சறுக்கினான். சறுக்கினான் என்பது சிறிய சொல். மலையுச்சியிலிருந்து தேர் உருண்டது என்று வைத்துக்கொள்.

நீ எழுதிக்கொடுத்த தாளில், நீளம் பதினொன்று புள்ளி எட்டு மீட்டர் என்று இருந்தது. என் மருமகளின் கப்பலுக்குப் பதினொன்று புள்ளி எட்டா? கருமியின் வாயிலிருந்து விழுந்த எண் மாதிரி இருந்தது. பதினெட்டு என்று எழுதினேன். எத்தனை பயணிகள் என்ற கேள்விக்கு எட்டு என்று நீ எழுதியிருந்தாய். நான் 'நாற்பது, மனம் ஒத்தவர்களானால் ஐம்பது' என்றேன். படகு செல்லும் நீர்ப்பரப்பு எது என்று கேட்டிருந்தார்கள்: 'ஏழு கடலும்.' கேப்டனின் அனுபவம்: 'பிறவி மாலுமி. தொட்டிலிலேயே காற்றின் திசை பார்த்துப் படுத்தவள்.' தீயணைப்புக் கருவிகள்: 'ஒரு நகரத்துக்குப் போதுமானவை.' படகில் தெரிந்த குறைகள் ஏதேனும் உண்டா: 'நிலவுக்குக் களங்கம் உண்டு. இதற்கு இல்லை.' கையெழுத்தும் போட்டேன். அதுவும் நன்றாகத்தான் வந்திருந்தது.

நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். நான் நூறு பேர் வந்தார்கள் என்றால் உன் அம்மா பத்து பேருக்குச் சமைப்பாள். எனக்குக் காய்ச்சல் நூற்றுப் பத்து டிகிரி என்றால் உன் அத்தை ஒரு தும்மலுக்கான மருந்தைக் கொடுப்பாள். நான் பெருக்கிச் சொல்வதும் கேட்பவர் வகுத்துக்கொள்வதுமாக நாற்பது ஆண்டுகள் ஒரு குறையுமில்லாமல் ஓடியிருக்கிறது. வெளி உலகமும் வகுத்துக்கொள்ளும் என்று நான் நம்பியது ஒரு குற்றமா?

புதன்கிழமை, படகைச் சோதித்து அறிக்கை கொடுக்கக் கம்பெனி அனுப்பிய சர்வேயர் வந்தார். சின்ன உருவம், கையில் சின்னச் சுத்தியல். உன் அத்தை 'வாத்து' என்று பெயர் வைத்த உன் படகின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் ஃபாரத்தைப் பார்த்தார், படகைப் பார்த்தார், படகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"ஐயா, ஃபாரத்துல இருக்கிற படகு எங்க?"

"இதுதாங்க."

"இது அதோட குட்டி மாதிரி இல்ல இருக்கு?"

உள்ளே இறங்கி, டாக்டர் முதுகைத் தட்டுவது போலச் சுத்தியலால் ஒவ்வொரு பலகையாகத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். அடித்தட்டில் தவழ்ந்தார். இரண்டு மணி நேரம் கழித்து ஏறி வந்து, "படகு நல்ல படகுதான். ஃபாரம்தான் ஓட்டை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை காலை கண்ணாடி அம்மா கூப்பிட்டார். போய் நின்றேன். என் ஃபாரம் மேசையில் கிடந்தது, பிரேதம் மாதிரி.

"சார், இதை இப்படியே மேல அனுப்பினா மறுத்துடுவாங்க. ஒரு கம்பெனி மறுத்தா, அடுத்த கம்பெனி ஃபாரத்துல அதையும் எழுதணும். அப்புறம் உங்க மருமகளுக்கு எவனும் குடுக்கமாட்டான். சரி, கண்ண மூடிக்கிட்டு குடுத்துட்டாங்கன்னே வைங்க. நாளைக்கு ஒரு பயணி வழுக்கி விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டா, பொய் எழுதினீங்கன்னு சல்லிக்காசு வராது. அந்தப் பொண்ணு ஆயுசுக்கும் கட்டிக்கிட்டுக் கெடக்கணும்."

"அம்மா, எங்க வீட்டுல நான் சொன்னா பத்தால வகுத்துக்குவாங்க" என்றேன்.

"எங்க கம்பெனியில வகுக்கறதுக்கு ஆள் போடல சார்."

பழைய ஃபாரத்தோடு ஒரு புது ஃபாரத்தையும் என் கையில் கொடுத்தார். நாளைக் காலை ஒன்பதரைக்குள் சரியாக நிரப்பி வந்தால் பார்க்கலாம் என்றார். இரக்கப்பட்டுத்தான் கொடுத்தார் என்று நினைக்கிறேன்; அந்தக் கண்ணாடிக்குள் ஒன்றும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து மேசையில் உட்கார்ந்தேன். உன் தாள் எதிரே இருக்கிறது. ஆனால் அறுபத்து நாலு கேள்வியில் இருபதுக்குத்தான் அதில் பதில். எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது? நங்கூரச் சங்கிலி எத்தனை மீட்டர்? தீயணைப்புக் கருவி எந்தத் தேதியில் காலாவதி? உன்னைக் கேட்கலாமென்றால் உன் கைப்பேசி அலமாரியில், உன் பயிற்சிக் கூடம் 'அவசரம் என்றால் மட்டும்' என்கிறது, அவர்கள் அகராதியில் அவசரம் என்றால் மரணம். பேனாவைத் திறந்தேன், மூடினேன். உண்மையாகச் சொல்கிறேன், மருமகளே, உன்னை நான் மூழ்கடித்துவிட்டேன் என்று நினைத்து, இந்த அறுபத்தெட்டு வயதில் முதல் முறையாக என் வாயிலிருந்து பெரிதாக ஒன்றும் வரவில்லை. உன் அத்தை என் முகத்தைப் பார்த்துவிட்டு, "போய் அவர்கிட்டயே கேளுங்க" என்றாள்.

போனேன். எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர் உன் அப்பா. ஊரில் உள்ள அத்தனை கடைக்காரனும் தராசைத் தொடும்போது இன்னும் அவரை நினைத்துத்தான் தொடுகிறான். சாயங்காலம் ஐந்து மணி. சாப்பாட்டு மேசையில் கடிகாரத்தைக் கழற்றிப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் நடந்ததை எல்லாம் சொன்னேன். குறைத்தே சொன்னேன்.

"எனக்கு அந்தப் படகப் பத்தி ஒண்ணும் தெரியாது மச்சான்" என்றார்.

"தெரிஞ்சத சொல்லுங்க மாப்ளே. எஞ்சின் எவ்வளவு நேரம்…"

"எனக்கு எப்படித் தெரியும்? ரெண்டாயிரத்து நூத்து நாப்பது மணி நேரம் ஓடியிருக்கும்."

நான் வாயைத் திறந்தேன். உன் அம்மா அடுப்படியிலிருந்து, பேசாதே என்று எனக்குக் கையைக் காட்டினாள்.

"சங்கிலி?"

"முப்பத்தஞ்சு மீட்டர். அதுல ரெண்டு மீட்டர் துரு. எழுதுங்க, துருவையும் எழுதுங்க." அதற்குமேல் பொறுக்க முடியாமல் கடிகாரத்தைத் தள்ளி வைத்துவிட்டு, "இப்படிக் குடுங்க. நீங்க ஏழையும் ஒண்ணையும் ஒரே மாதிரி எழுதறீங்க" என்று ஃபாரத்தைப் பிடுங்கிக்கொண்டார். முதலில் பென்சிலில் எழுதினார், அதன் மேல் பேனாவில் எழுதினார், பிறகு பென்சிலை அழித்தார். 'தெரிந்த குறைகள்' என்ற இடம் வந்தது.

"பின்பக்கம் கீழ்த்தட்டுக்கு இறங்குற ஹேட்ச் கதவோட ரப்பர் தேஞ்சிருக்கு. நல்ல மழையில அரை டம்ளர் தண்ணி உள்ள வருது."

"ஐயோ மாப்ளே, அத எழுதாதீங்க! அரை டம்ளர யாரு பாக்கப் போறாங்க?"

"நான் அளந்து…" என்று ஆரம்பித்து நிறுத்தினார். "அளந்தா அவ்வளவுதான் இருக்கும்" என்றார். காது சிவந்துவிட்டது. அவர் காது சிவந்து நான் பார்த்தது உன் அம்மாவைப் பெண் கேட்டு வந்த அன்றைக்குத்தான்.

வெள்ளிக்கிழமை காலை கண்ணாடி அம்மா அந்த ஃபாரத்தைப் படித்தார். குறைகள் என்ற இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சர்வேயர் அறிக்கையை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதிலும் அதே ஹேட்ச், அதே ரப்பர், அதே ஒழுகல். நாம் மறைத்திருந்தால் அந்த இடத்திலேயே கதை முடிந்திருக்கும். "இருபத்தாறு வருஷமா இந்த சீட்ல இருக்கேன் சார். என் படகு ஒழுகுதுன்னு அளவு போட்டு எழுதிக் குடுத்த ஆள இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றார். "இது உங்க கையெழுத்து இல்லையே?" "கை வேற, கையெழுத்து மட்டும் என்னுது" என்றேன். சிரித்தார். சிரித்தார், மருமகளே! பயணிகளை ஏற்றும்முன் ரப்பரை மாற்ற வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு சான்றிதழ் வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு நான் துறைமுகத்துக்கு ஓடிய ஓட்டத்தில் வழியிலிருந்த புறாக்கள் எல்லாம் வேறு நாட்டுக்குக் குடிபெயர்ந்தன. கடிகாரம் பன்னிரண்டு அடிக்க வாயைத் திறக்கிறது, நான் சான்றிதழை மேசையில் வைக்கிறேன். உன் வாத்து இனி சட்டப்படி நீந்தலாம். அடுத்த வாரம் சனிக்கிழமை உன் முதல் பயணிகள் எட்டு பேரும் ஏறலாம்.

இதிலிருந்து நீ உணர வேண்டியது ஒன்றுதான். என் முதல் ஃபாரம் அத்தனை பிரமாதமாக இல்லாவிட்டால் சர்வேயர் வந்திருக்கமாட்டார். சர்வேயர் வராவிட்டால் ஒழுகல் ஒத்துப்போயிருக்காது. ஒத்துப்போகாவிட்டால் பாலிசி இல்லை. ஆகவே உன் தொழிலைக் காப்பாற்றியது என் பொய்தான். ரப்பரையும் திங்கட்கிழமை நானே வாங்கி, நானே மாட்டிவிடுகிறேன்.

இன்னொன்று, ரகசியம். உன் அப்பா தினமும் விடிகாலையில் துறைமுகத்துக்குப் போய், பாய்மரத்தைக் கட்டிப்பிடித்துக் கண்ணீர் வடிக்கிறார் என்பது என் முடிவு. கடலில் உப்பு கூடியிருப்பதாக மீனவர்கள் பேசிக்கொள்கிறார்கள். இதை அவரிடம் மூச்சு விடாதே. நீ தெரிந்துகொண்டாய் என்று தெரிந்தால் அந்த மனிதர் போவதை நிறுத்திவிடுவார்.

காற்று நீ கேட்ட பக்கம் வீசட்டும். பாறைகள் உன்னைக் கண்டால் ஒதுங்கி நிற்கட்டும். ஏறுகிறவர்கள் எல்லாம் சிரித்துக்கொண்டே ஏறி, வாந்தி எடுக்காமல் இறங்கி, மறுபடி வரட்டும். வயிறார உன் அத்தை வாழ்த்துகிறாள், வாயார நான் வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
கடல்சார் காப்பீட்டின் கலங்கரை விளக்கமாகிய
உன் மாமா

பின்குறிப்பு: இதை எழுதுவது அப்பா. எடை பார்த்துத் தபால்தலை ஒட்டச் சொல்லி உன் மாமா இந்த உறையை என்னிடம் கொடுத்தார். நாற்பத்தாறு கிராம் இருந்தது. ஒரு பாலிசி வாங்கிய செய்திக்கு இந்த எடை அதிகம் என்பதால் படித்துப் பார்த்தேன். உறையை ஒட்ட மறந்திருக்கிறார். மறந்தார் என்றே நானும் எடுத்துக்கொள்கிறேன். சில திருத்தங்கள். வணிகப் படகு எதுவானாலும் சர்வேயர் வருவார். அது ஃபாரத்தின் இரண்டாம் பக்கத்தில் அச்சாகியிருக்கிறது. சான்றிதழ் துறைமுக அலுவலகத்தில் கொடுக்கப்பட்டது பதினொன்று பத்துக்கு; நானும் உடன் இருந்தேன்; யாரும் ஓடவில்லை, மாமாவின் முழங்காலுக்காக ஆட்டோவில் போனோம். ரப்பரை நேற்றே மாற்றிவிட்டேன். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், ஒழுகவில்லை. நான் தினமும் துறைமுகத்துக்குப் போவதில்லை. செவ்வாயும் வெள்ளியும் மட்டும்தான். படகு வந்து பதினைந்து வாரம் ஆகிறது. ஒரு செவ்வாய் காய்ச்சல். ஆக இருபத்தொன்பது தடவை. பாய்மரத்தைக் கட்டிப்பிடிக்கவில்லை. சுற்றளவு எடுத்தேன்.

மாமா நிரப்பிய முதல் ஃபாரத்தில், விபத்து நேர்ந்தால் முதலில் யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற கேள்விக்கு அவர் தன் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதியிருந்தார். அது தவறான விவரம். திருத்திவிட்டேன்.